முன் சீட்டுக்குத் தண்ணி வர்ற வழி

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு காரு இருந்துச்சாம். அந்தக் காருக்குப் பேட்டரி எங்க இருக்குதுன்னு அந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலையாம். சிரிக்கிறியா தம்பி, சிரி. பானட்டத் தூக்கிப் பாத்துட்டு, இந்தப் பக்கம் குனிஞ்சு அந்தப் பக்கம் குனிஞ்சு, ஏம்மா, பேட்டரியே இல்லாத வண்டிக்கா என்னை மரக்காணத்துலேர்ந்து கூப்ட்டீங்கன்னு கேட்டியே, அப்பவே இந்தக் கதைய ஆரம்பிச்சிருப்பேன். நீ கோச்சுக்கினு போயிடுவியோன்னு வாய மூடிக்கினு இருந்தேன். முந்தாநேத்து ஒருத்தன் அப்படித்தான் வந்தான். சீட்டத் தூக்கிப் பாத்தான், டயருக்குப் பின்னால கைய வுட்டுப் பாத்தான், அப்புறம் போன் வந்த மாதிரி காதுல வச்சிக்கினு அப்படியே ரோட்டப் பாக்கப் போயிட்டான். போன் அடிக்கவேயில்ல தம்பி. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்.

அங்க இல்ல. மேல. முன் கண்ணாடிக்குக் கீழ வைப்பர் ரெண்டும் படுத்திருக்குது பாரு, அந்தப் பள்ளத்துக்குள்ள. மொதல்ல அந்த நீட்டு ரப்பர உருவு. ஆங், முழுசா. அப்புறம் அந்தக் கறுப்பு மூடியத் தூக்கு. நெத்திக்கும் புருவத்துக்கும் நடுவுல கொண்டு போயி ஒளிச்சு வச்சிருக்கான் மகராசன். பாத்தியா, இருக்குதா? இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க வூட்டுக்காரரு இதக் கழட்டறப்ப பக்கத்துல நின்னு ஸ்பேனரு எடுத்துக் குடுத்தவ நான். வண்டி ஓட்டத் தெரியாது எனக்கு. ஸ்பேனரு நம்பரு தெரியும். அந்த மூலையில இருக்கிற போல்ட்டுக்குப் பதிமூணு.

அவருதான். அதோ வேலிக்காத்தான் மரத்து நெழல்ல, கட்டில்ல. உப்பு சாக்க முதுவுக்கு முட்டுக் குடுத்து சாச்சு வச்சிருக்கேன். தூங்கறாரு. மெதுவாப் பேசு தம்பி, கண்ணு மூடி இப்பத்தான் செத்த நேரம் ஆவுது. கலியன்னு கேட்டா இந்த உப்பளத்துல தெரியாதவங்க கெடையாது. என் பேரு அருக்காணி. உன் பேரு? சிலம்பரசனா. நல்ல பேரு.

இருதயம்தான் தம்பி. வீங்கிப் போச்சுன்னாங்க. மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது. நெட்டா ஒக்காந்தா தல தொங்கிடுது. கட்டில்ல எத்தன சாக்க வச்சாலும் செத்த நேரத்துல சரிஞ்சு வந்துடறாரு. இந்தக் காரோட முன் சீட்டு இருக்குது பாரு, எடது பக்கம், அத ஒரு புடி சாச்சு வுட்டா, அவருக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி நிக்கிது. அதுல ஒக்காந்தாத்தான் மூச்சு எறங்குது. கண்ணு அசர்றாரு. ஆனா மழ பேஞ்சா அந்த சீட்டுக்குள்ளதான் தண்ணி வருது. கால் வைக்கிற எடத்துல குளம் கட்டிடுது. நேத்து சொம்பால மொண்டு மொண்டு ஊத்தனேன். மேலேர்ந்தும் சீட்டு ஓரத்துல ஒழுவி, அவரு தொடையெல்லாம் ஈரம். அந்த ஈரம் நெஞ்சுக்கு ஏறக் கூடாதுல்ல. அதான் உன்னக் கூப்ட்டது. இன்னக்கி சாயங்காலம் மழ வரும். கடல் பக்கம் பாரு, எப்படிக் கறுத்துக்கினு நிக்கிதுன்னு. அதுக்குள்ள அந்த எடம் காயணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

யாரு ஓட்டப் போறாங்களா? அது கெடக்கட்டும் தம்பி, நீ போல்ட்டப் பாரு.

மொதல்ல மைனஸ். கறுப்பு வயரு. சொல்லித் தர்றேன்னு நெனைக்காத, பக்குனு ஆயிடுச்சு, நீ சேப்பு வயரத் தொட்டவுடனே. அவரும் எப்பப் பாத்தாலும் மைனஸ், மைனஸ்னு மந்திரம் மாதிரி சொல்லிக்கினேதான் கழட்டுவாரு.

டிக்கியில என்ன பாக்கற? ஜாக்கியா? அங்க சாமான் அடச்சு வச்சிருக்குது தம்பி, சட்டி பானதான். இரு, நானே எடுத்துத் தர்றேன்.

எங்களுக்கு எப்படி இந்த வண்டின்னு எல்லாரும் கேக்கறதுதான். உப்பு வார்றவன் வாசல்ல இம்மாம் பெரிய வெளிநாட்டு வண்டி நின்னா எவன் கேக்க மாட்டான்? ஒரு போலீசுக்காரரு கூட நிறுத்திக் கேட்டாரு. மழைக்காலத்துல எங்களுக்கு வேல இருக்காதுல்ல. பாத்தி பூரா தண்ணி நிக்கும். அந்த மாசமெல்லாம் இவரு ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளக்காரம்மா வூட்டுக்குத் தோட்ட வேலைக்குப் போவாரு. தோட்டத்துலேர்ந்து வாசக் கேட்டு, வாசக் கேட்டுலேர்ந்து காரு, அப்படியே டிரைவரா ஆயிட்டாரு. அந்தம்மாவும் வயசாளி. அதுங்க ஊருக்கே ஒரேயடியா திரும்பிப் போறேன்னு ஒரு நாள் கெளம்பிச்சு. வண்டிய விக்கப் பாத்தாங்க. இந்தப் பேட்டரி இருக்கிற எடத்தப் பாத்துட்டு எவனும் வாங்கல. கடைசில சாவிய இவரு கையில குடுத்து, கலியன், நீயே வச்சிக்கோன்னு சொல்லிட்டு ஏர்போட்டுக்குப் போயிடுச்சு. இவருதான் கொண்டு போயி வுட்டாரு. திரும்பி வர்றப்ப வண்டி எங்களுது.

அன்னக்கி ஊரே வந்து பாத்துச்சு. தெருவுல நிறுத்த எடமில்ல. அதான் இங்க, பாத்தி ஓரத்துல, மேட்டுல கொண்டாந்து நிறுத்தினது. என்னைப் பின்னாடி ஒக்கார வச்சு கோட்டக்குப்பம் வரைக்கும் ஓட்டிக்கினு போனாரு. ஏங்க, முன்னாடி ஒக்காரட்டுமான்னு கேட்டா, மொதலாளியம்மால்லாம் பின்னாடிதான் ஒக்காருவாங்கன்னாரு. அந்தக் கொழுப்பு. பிரியாணி வாங்கித் தந்தாரு. நான் கார்லயே சாப்ட்டேன், எறங்கவேயில்ல.

என்னா ஆச்சு? கை கிழிச்சிடுச்சா? காட்டு. ஐயய்யோ, ரத்தம் வருது பாரு. அந்தத் தகரம் பிளேடு மாதிரி இருக்கும். இந்தா, இந்தத் துணியச் சுத்திக்கோ. என் கை படக் கூடாது உன்மேல, உப்புக் கை, உசுரு போற மாதிரி எரியும். இங்க காத்துலயே உப்பு இருக்குது. போல்ட்டு கடிச்சிக்கினு இருக்குதுல்ல? பச்ச பூத்திருக்குதா? கொஞ்சம் வெந்நி ஊத்தலாம். அடுப்புல தண்ணி கெடக்குது, இரு.

அடுப்பு இங்கதான், கல்லு வச்சு மூட்டியிருக்கேன். அவருக்குக் கஞ்சி வைக்கணும்ல. ஊத்து. மெதுவா. இப்பத் திருப்பு. அசையிதா? அசையிது, அசையிது! பாத்தியா. அதுக்குப் பயம் காட்டினாத்தான் வரும்.

தூக்கறப்ப சொல்லு, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன். வேணாம்னு சொல்லாத, எத்தனையோ வருஷம் தலையில உப்புக் கூட சொமந்தவ நான். சாச்சுத் தூக்கு, நேரா வராது. உன் பக்கம் இஸ்துக்கோ. ஹும். வந்துச்சு. வரப்பு மேல வையி. அப்பாடா. இம்மாம் பெரிசா ஒண்ண இம்மாம் சின்ன எடத்துல எவன் வச்சானோ, அவன் பொண்டாட்டி இதக் கழட்ட நிக்கணும், அப்பத் தெரியும்.

இப்ப உள்ள பாரு. தண்ணி போற ஓட்ட அடியில இருக்கணும். எலையா? சவுக்கு எலதான் அது, ஊசி ஊசியா. அந்தம்மா தோட்டத்துல எல்லாம் சவுக்குதான். வழிச்சுப் போடு. சேறு. ம். அது என்னா துணி?

குடு. இங்க குடு தம்பி.

மஞ்சத் துணி. கட்டு கட்டியிருக்குது. இன்னொண்ணும் இருக்குதா? எடு. அதுக்கு அடியிலயுமா? எல்லாத்தையும் எடு. ஐயோ, மனுஷா.

இது அவரு வேலதான் தம்பி. எங்க ஆளுங்க செய்யிறது. வருஷத்துல மொத மொத உப்பு வார்றப்ப, மொத உப்பு ஒரு கைப்பிடி எடுத்து மஞ்சத் துணியில முடிஞ்சு நெலவாசல்ல கட்டுவோம். வண்டி வாசி இருந்தா அதுலயும் வைப்போம். கண்ணு படாம இருக்கட்டும்னு. டிப்பர்காரன் கட்றான், ஸ்கூட்டியில கூடக் கட்றாங்க. ஸ்பேனரு குடுத்தேனே ஒழிய நான் உள்ள எட்டிப் பாத்ததில்ல, இவரு மட்டும் எங்க வச்சாருன்னு கேட்டுக்கினே இருந்தேன். கண்ணாடியில தொங்க வுடக் கூடாதான்னா, கண்ணுல படுற எடத்துல இருந்தா அது கண்ண வாங்காதுடி, அது இருக்க வேண்டிய எடத்துல பத்தரமா இருக்குதுன்னாரு. பத்தரமாத்தான் இருக்குது. வருஷா வருஷம் புதுசு வச்சிருக்காரு. பழச எடுத்தா ஆவாதுன்னு அதையும் அப்படியே வுட்டுருக்காரு. துணிதான் மிச்சம், உப்பெல்லாம் மழையில கரஞ்சு போச்சு.

எங்க, எனக்கும் காட்டு. செல்லு லைட்ட அடி.

ஓட்ட அடச்சிக்கினு உப்புப் பாறையா நிக்கிது. சரி, அத ஒடச்சிடலாம். இது என்னா, பக்கத்துல? வெரல வச்சா உள்ள போவுது. அப்பளம் மாதிரி பொடியுது. இதுக்கு அந்தண்ட முன் சீட்டா? அப்ப இந்த வழியாத்தான் வருது. கையே நொழையும் போல இருக்குதே தம்பி.

உப்பு இரும்பத் தின்னும்னு அவருக்குத் தெரியாதா? இந்த ஊர்ல பொறந்து, உப்புலயே நின்னு கால் வெடிச்ச மனுஷன். நாங்க உப்பு வார்ற பலக மரத்துல இருக்குது, புடி மரத்துல இருக்குது, ஆணி கூட அடிக்க மாட்டோம், இரும்பு ஒரு வருஷம் நிக்காதுன்னு. பக்கத்துப் பாத்திக்காரன் இரும்பு முள்ளு வச்ச பலக வாங்கியாந்தப்ப இவருதான் கை கொட்டிச் சிரிச்சாரு. அப்பேர்ப்பட்ட ஆளு, வண்டிக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வண்டிக்குள்ளயே உப்பக் கொண்டாந்து வச்சிருக்காரு. அவரு ஒக்கார்ற சீட்டுக்கு நேரா.

அவருகிட்ட சொல்லிடாத தம்பி. எல மாட்டிக்கினு இருந்துச்சுன்னு சொல்லு. அது பொய் இல்லியே, எலையும் இருந்துச்சுல்ல.

வெல்டிங்கா? பாண்டிக்கு எடுத்துக்கினு போயா? வேற வண்டில கட்டி இஸ்துக்கினு? இல்ல தம்பி, அதெல்லாம் ஆவாது. எத்தினி நாள் ஆவும் சொன்ன? அம்மாம் நாள் அந்த சீட்டு அவருக்கு இல்லாம இருக்க முடியாது. இன்னக்கி சாயங்காலத்துக்கு என்ன பண்ணலாம், அதச் சொல்லு. எம்சீல் வச்சிருக்கியா? எம்மாம் இருக்குது? அது ஒரு ஓரத்துக்குக் கூடக் காணாதே. களிமண்ணு மிதிச்சு வச்சா? எங்க பாத்தியெல்லாம் அப்படித்தான், மிதிச்சு மிதிச்சு ஒரு சொட்டு கீழ எறங்காது. கரைஞ்சிடுமா? வாஸ்தவம்தான். மேலேர்ந்து கொட்டுனா நிக்காது.

உப்புக் குவியல மூடற தார்ப்பாய் கொஞ்சம் கெடக்குது. சைக்கிள் டியூப் கூட இருக்குது, பழசு. டியூபக் கிழிச்சு ஓட்ட மேல விரிச்சு, ஓரத்துக்கு எம்சீல் வச்சு, அதும்மேல தார்ப்பாய மடிச்சு வச்சா? நீ சொல்ற மாதிரியே செய்யி, எனக்குத் தோணுனதச் சொன்னேன். தொடச்சிட்டு ஒட்டு, ஈரத்துல புடிக்காது. இந்தா, என் முந்தானையாலயே தொட. பரவால்ல, தோச்சுக்கலாம்.

நல்லா அழுத்து. உள்ளங்கையால.

காயட்டும். அதுக்குள்ள டீ தர்றேன். பாலு இல்ல, வரட்டீதான். உனக்குக் கல்யாணம் ஆச்சா? ஆவலையா. பொண்ணு பாக்கறாங்களா? எங்களுக்குப் புள்ளைங்க இல்ல தம்பி. அதுக்குன்னு கோயில் கொளம்லாம் போயிப் பாத்துட்டோம். அப்புறம் இவரு சொன்னாரு, நமக்கு நாமதான்டி கொழந்தன்னு. அன்னக்கித்தான் இந்த வண்டி வந்துச்சு. சரி சரி, அன்னக்கி இல்ல, அந்த வருஷம். கதன்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

காஞ்சிருக்குமா? நீ உள்ள போயி சீட்டுக்குக் கீழ படுத்துப் பாரு. நான் கண்ணாடி மேல கொடத்தோட ஊத்தறேன். ரெடியா? ஊத்தறேன்.

வருதா?

இன்னொரு கொடம் ஊத்தவா? இப்ப?

சொட்டுதா. எம்மாம்? சொட்டு சொட்டாத்தானே? ஒழுவலியே? அப்ப அது போதும் தம்பி. ஒரு சொம்ப வச்சிடுவேன் கீழ. நிரம்ப நிரம்ப எடுத்து ஊத்திக்கலாம். சீட்டுல வராது இல்ல? சீட்டுல வரலன்னா போதும். நீ ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர்ற? நேத்தைக்கு இன்னக்கி எவ்ளோ தேவல.

எது? பேட்டரியா? திருப்பி வச்சா அந்த எடம் தாங்காதா? கனத்துல ஒட்டுனதெல்லாம் வுட்டுடும்னு எனக்கும் தோணிச்சு. அப்ப வைக்காத.

வைக்காதன்னா வைக்காத தம்பி. பேட்டரி இல்லாம வண்டி ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா. நீ எடுத்துக்கினு போ. நல்ல பேட்டரி, போன மழைக்குத்தான் மாத்துனாரு. உன்ன வெறுங்கையோட அனுப்பறதுக்கு இதுவாச்சும் இருக்குதே.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவோமா?

இல்ல தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இல்ல இது. ஆஸ்பத்திரிலேர்ந்துதான் வந்திருக்கோம். அங்க ஒரு டாக்டரு பொண்ணு, தங்கமான பொண்ணு, என்னைத் தனியாக் கூப்ட்டு ஒக்கார வச்சு சொல்லிச்சு. இனிமே இங்க வச்சிக்கினு ஒண்ணும் ஆவப் போறதில்லம்மா, வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க, சாச்சாப்ல ஒக்கார வையிங்க, கேக்கறதக் குடுங்கன்னு. சரின்னு வூட்டுக்குத்தான் கூட்டியாந்தேன். வாடக வூடு. விருத்தாம்பா அக்கா வூடு. ஆட்டோ சத்தம் கேட்டு அக்கா வாசல்லயே வந்து நின்னுடுச்சு.

அவங்களச் சொல்லிக் குத்தமில்ல தம்பி. அவங்க பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம், அந்த வூட்லதான் பந்தல் போடணும். ஆவாத நட்சத்திரத்துல, அடைப்புன்னு சொல்வாங்களே, அதுல உசுரு போயிட்டா, அந்த வூட்ட மாசக் கணக்குல பூட்டிப் போடணும். நல்ல காரியம் ஒண்ணும் பண்ணக் கூடாது. யாருக்குத் தெரியும், எந்த நாள்ல போவும்னு? அக்கா அழுவுது. என் கையப் புடிச்சிக்கினு அழுவுது. எங்க சட்டி பானையெல்லாம் அதுவே கழுவித் தொடச்சு வாசலுக்குக் கொண்டாந்து குடுத்துச்சு. இவருக்குக் காபி போட்டு ஆட்டோக்குள்ளயே நீட்டுச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம் நீ வந்துடு அருக்காணி, உன் வூட்ட வேற யாருக்கும் வுட மாட்டேன்னு சொல்லிச்சு. இவரு காபிய குடிச்சுட்டு, நல்லா இருக்குதும்மான்னாரு.

வேற வூடு கேக்காமயா இருப்பேன்? வாசல்லேர்ந்தே அவரு மூச்சு வாங்கறதப் பாக்கறாங்க. அப்புறம் காலியில்லன்னு சொல்லிடறாங்க.

இவருதான் சொன்னாரு, நம்ம வண்டி இருக்குதே அருக்காணின்னு. நமக்குன்னு சொந்தமா இருக்கிறது இது ஒண்ணுதானே. இதுல எந்த நாள்ல போனாலும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எனக்குப் பின் சீட்டு.

ஏன் ஸ்பேனர கையில வச்சிக்கினே நிக்கிற? எடுத்து வையி. உங்க வூட்டுக்கா? இல்ல தம்பி, வேணாம். நீ சொன்னதே போதும். உங்களுதும் வாடகதானே? இல்ல சொல்லு, வாடகதானே? அதான். எங்களுக்காக உங்கம்மாவ எந்த வாசல்லயும் நிக்க வைக்காத.

பேட்டரிய வுட்டுட்டுப் போறியே. சரி, கெடக்கட்டும். தூறல் வுழுது, கெளம்பு. நானும் போயி அவர எழுப்பறேன். வூட்டுக்குப் போலாம் வாங்கன்னு சொன்னா எழுந்துப்பாரு.